பீமனுக்கு நூல் இருந்தது

சிறுபாணாற்றுப்படையை 16 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடத்த இதைவிடத் தோதான பாட்டு இல்லை. நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இந்த மண்தான். அவனுடைய கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் ஒரு பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணத்துப் பக்கம் என்பார்கள், வேலூரை உப்புவேலூர் என்பார்கள். பாணன் நடந்த வழியில்தான் என் மாணவிகள் டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். அதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் வேலூர் வந்ததும் நான் வேகமாகப் போய்விடுவேன். அங்கே எயினர் குடியிருப்பு. பசியோடு வரும் பாணர் கூட்டத்துக்கு எயினர் பெண்கள், எயிற்றியர், புளி சேர்த்துச் சமைத்த சுடுசோறும் சுட்ட ஆமான் இறைச்சியும் கொடுப்பார்கள் என்கிறது பாட்டு. ஆமான் என்றால் காட்டுப்பசு என்று உரை சொல்லும். ‘காட்டுப்பசு’ என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவது என் வழக்கம். பசு என்ற சொல்லையும் இறைச்சி என்ற சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வகுப்பின் முகங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. அந்த முகங்களில் என் காலனியின் முகமும் இருக்கும், ஊரின் முகமும் இருக்கும். யார் தலை குனிகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம் என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்த வருடம் இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் எழுந்தாள். மரக்காணம் பக்கத்திலிருந்து வருகிறவள், அதிகம் பேசமாட்டாள். “மேடம், அவ்ளோ பெரிய மாட்ட யாரு மேடம் அறுத்தாங்க?”

பின் பெஞ்சில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை என்பது ஒருபக்கம். அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை என்பதுதான் சுட்டது. என் முனைவர் பட்ட ஆய்வேடே ஆற்றுப்படை நூல்களில் விருந்து பற்றியது. 300 பக்கங்களுக்கு மேல். ஊன் வகைகள் என்று ஓர் இயலே வைத்திருந்தேன். சுட்டது, வெந்தது, உலர்த்தியது, எந்த விலங்கு, எந்தத் திணை, எல்லாம் அட்டவணையாக இருக்கிறது. விலங்கு விழுந்ததற்கும் இறைச்சி வெந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒரு பத்தி கிடையாது.

நடுவில் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஆமான் என்பது இன்று கொடைக்கானலிலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்கிறதே, காட்டெருமை என்று நாம் தப்பாகச் சொல்லும் காட்டுமாடு, அதுதான் என்று பலரும் கொள்கிறார்கள். வளர்ந்த கடா ஆயிரம் கிலோவைத் தொடும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, இன்று யாரும் தொட முடியாது, தொடவும் வேண்டாம். ஆனால் அன்று அதை ஒரு கூட்டம் வீழ்த்தியது என்றால், வீழ்த்திய நிமிடத்திலிருந்து வேறொரு வேலை தொடங்கியிருக்கும். அசைபோடும் விலங்கின் வயிறு லேசானதில்லை. நம் வீட்டு மாட்டுக்கே இரைப்பை நூறு லிட்டருக்குக் குறையாமல் கொள்ளும். உயிர் போன பிறகும் உள்ளே இருக்கும் தழை நொதித்துக்கொண்டே இருக்கும், காற்று சேரும், வயிறு பானைபோல் உப்பும். தோல் கம்பளிபோல் சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் சில மணி நேரம் தாமதித்தால் அவ்வளவு இறைச்சியும் மண்ணுக்குத்தான். வில்லில் குறி தப்பினால் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். இங்கே தப்பினால் அடுத்த நாள் கிடையாது.

இதை எனக்கு எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. “வவுறு காத்துக்கினு இருக்காதுடி” என்று ஆயா சொன்னாள்.

மயிலத்துக்குக் கிழக்கே எங்கள் காலனி. ஆறேழு வீடு சேர்ந்து சந்தையில் உழவுக்கு ஆகாத கிழட்டு எருதை வாங்கி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஏரிக்குள், வேலமர நிழலில் அறுப்பு நடக்கும். தோல் உரிப்பதற்கு முழங்காலின் உட்பக்கத்திலிருந்து கீறல் ஆரம்பிக்கும். ஒருமுறை நுனி பிரிந்துவிட்டால் அப்புறம் கத்திக்கு வேலை குறைவு. முட்டியை மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவில் குத்தித் தள்ளிக்கொண்டே போவார்கள். கத்தி பட்டு ஓட்டை விழுந்தால் தோலுக்கு விலை போய்விடும். உரித்த தோலை இரண்டு பக்கமும் விரித்துவிட்டால் அதுவே பாய். அதன்மேல்தான் மற்ற வேலை எல்லாம், கறியில் மண் ஒட்டாது.

வயிற்றைத் திறக்கும் இடம்தான் நுணுக்கம். நெஞ்செலும்பு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கீறல். அதற்குள் இரண்டு விரலைக் கவைபோல விட்டுத் தசையைத் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவில் கத்தியை, வெட்டும் வாய் மேலே பார்க்க வைத்து, இழுத்துக்கொண்டு போக வேண்டும். கத்தி முனை உள்ளே பார்த்தால் குடல் கிழியும். கிழிந்தால் நாற்றம் மட்டுமில்லை, கறியே கெடும். இதற்காகவே ஆயாவின் கத்திக்கு முனை மழுங்கலாக இருக்கும். லாரிப் பட்டையில் திண்டிவனத்துப் பட்டறையில் அடித்து வாங்கியது, ஒரு சாண் நீளம். இப்போது வெளிநாட்டில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு, முனையில் கொக்கி வைத்த கத்தி தனியாக விற்கிறார்கள், குடலைத் தொடாமல் வயிற்றுத் தோலை மட்டும் கிழிப்பதற்கு. ஆயா இரண்டு விரலில் வைத்திருந்தது அந்தக் கொக்கியைத்தான்.

இரைக்குழாயை நாரால் கட்டிவிட்டுத்தான் அறுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பது திரும்பி வரும். பின்பக்கக் குடலுக்கும் அப்படியே ஒரு கட்டு. பித்தப்பையைப் பிரிக்கும்போது ஈரலில் ஒரு துண்டு போனாலும் போகட்டும் என்று சேர்த்தே அறுத்துத் தூர எறிய வேண்டும். ஒரு சொட்டு பட்டாலும் அந்தப் பக்கத்துக் கறி கசக்கும். கால்களைப் பிரிக்க ஆயா கொடுவாளைத் தொட்டதே இல்லை. “எலும்ப வெட்டாத, சந்தத் தேடு” என்பாள். முன்னங்கால் சப்பைக்கும் விலாவுக்கும் எலும்பு மூட்டே கிடையாது, வெறும் தசைதான் பிடித்திருக்கிறது என்பதை நான் அவளிடம்தான் கற்றேன். காலைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தியை ஓட்டினால் கதவு கழன்று வருவதுபோல வந்துவிடும். பின்னங்காலுக்கு மட்டும் இடுப்புக் குழியில் ஒரு நரம்பை அறுக்க வேண்டும். அந்த நரம்பு எங்கே இருக்கிறது என்று அவள் பார்க்கமாட்டாள். விரல் போய்விடும்.

அப்புறம் கூறு போடுவது. பனையோலையில் ஈரல், சுவரொட்டி, குண்டிக்காய், நெஞ்சு, தொடை எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் விழ வேண்டும். பங்காளிகள் ஆளுக்கொரு இலையோ குச்சியோ கல்லோ கொடுப்பார்கள். எது யாருடையது என்று தெரியாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, அதைக் கூறுகள்மேல் வைக்கச் சொல்வார்கள். பல ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை நான்தான். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது.

அங்கேயும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருந்தது. அடித்து வீழ்த்துவதும் தோல் உரிப்பதும் ஆண்கள். தோல் வியாபாரிக்குப் போகும், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தொழிற்சாலைக்கு. அந்தக் காசு ஆண்கள் கையில். குடலும் இரைப்பையும் பெண்களுடையது. இரைப்பையைத் திருப்பிப் போட்டு, சுண்ணாம்பு தடவி, சுடுதண்ணீரில் விட்டுச் சுரண்டி, ஏடு ஏடாக மடிந்திருக்கும் பையை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் கழுவுவதற்குள் மதியம் ஆகிவிடும். அந்த வேலைக்கு இதுவரை யாரும் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. தாத்தா செத்த பிறகு ஆயா தோல் உரிக்க உட்கார்ந்தாள். பொம்பள உரிச்சா பங்கு வேணாம் என்று இரண்டு பேர் எழுந்து போனார்களாம். “போனா போங்க, கூறு பெருசாவும்” என்றாளாம். இது அம்மா சொன்னது. சொல்லும்போது அம்மாவுக்கே சிரிப்பு தாங்காது.

மிஞ்சும் கறி உப்புக்கண்டம் ஆகும். சமைக்கிற கறியைத் தசைநாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும், உப்புக்கண்டத்துக்கு நார் போகிற போக்கிலேயே நீளமாக. அரிவாள்மணையில் உட்கார்ந்து ஆயா இழுத்தால் ஒரு தொடைக்கறி நாடாபோல நீண்டுகொண்டே வரும். மரக்காணத்து உப்பு, மஞ்சள், அவ்வளவுதான். கயிற்றில் கோத்து நான்கு நாள் வெயில். ராத்திரி உள்ளே எடுத்து வைக்க வேண்டும், பகலில் காக்காய்க்கு ஒரு பிள்ளை காவல். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் உலர்ந்த இறைச்சியோடு சோறு ஆக்குகிறார்கள், வாடூன் என்கிறது பாட்டு. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் வாடூன் என்றால் என்ன என்று கேட்டார்கள். உலர்த்திய ஊன் என்றேன். எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கியது என்று சொல்லவில்லை.

ஆர்க்டிக் பகுதியில் இன்யூட் பெண்களிடம் உலு என்று ஒரு கத்தி உண்டு. பிறைபோல வளைந்த தகடு, கைப்பிடி தகட்டுக்கு மேலேயே இருக்கும். சீலின் தோலை உரிக்கவும் கொழுப்பை வழிக்கவும் இறைச்சி அரியவும் அதுதான். பெண்ணின் கத்தி என்றே அதைச் சொல்கிறார்கள், அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தபோது நம் அரிவாள்மணையை யாராவது கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களா என்று நினைத்தேன். வைப்பார்கள், காய் நறுக்கும் கருவி என்று எழுதி.

2020இல் பெருவின் ஆண்டிஸ் மலையிலிருந்து ஒரு செய்தி வந்தது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி, 17 முதல் 19 வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், பக்கத்தில் கல் ஈட்டி முனைகள். பெண்ணும் வேட்டையாடினாள் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நானும் மகிழ்ந்து நாலு பேருக்கு அனுப்பினேன். பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் கவனித்தேன். அந்தக் கருவி மூட்டையில் ஈட்டி முனைகளோடு, அறுக்கும் கற்செதில்கள், தோல் சுரண்டும் கற்கள், தோல் பதப்படுத்தும் செங்காவி எல்லாம் சேர்ந்தே இருந்தன. தலைப்பில் ஈட்டி மட்டும் வந்தது. பெண்ணைத் தூக்கிவைக்க நினைத்தாலும் நம் கை ஈட்டியைத்தான் தேடுகிறது. வீரம் என்பது எறிவதில் மட்டும்தான் என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்களுடைய பாடத்தையே நாமும் படிக்கிறோம்.

நம் பாடல்களிலும் அப்படித்தான். புறநானூற்றில் வன்பரணர், கண்டீரக்கோப் பெருநள்ளி காட்டில் தானே தீ மூட்டி மான் இறைச்சி சுட்டுக் கொடுத்ததைப் பாடுகிறார். ஒரு வேளை சுட்டான், ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கிறான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் மீனோடு கிடைக்கும் கள்ளை அரித்தவள் நுளையர் பெண், வேலூரில் சோறு ஆக்கியவர்கள் எயிற்றியர், ஆமூரில் சோறு தருபவள் உழவர் வீட்டுப் பெண். மூன்று ஊரிலும் பெண்கள்தான், ஒருத்திக்கும் பெயரில்லை. கடைசியில் அரண்மனை வருகிறது. அங்கே சமையல் எப்படி? பீமன் எழுதிய மடைநூல் சொன்னபடி வழுவாமல் செய்த அடிசில். அதை நல்லியக்கோடன் தானே பக்கத்தில் நின்று ஊட்டுகிறான். அரண்மனைச் சோற்றுக்கு நூல் இருக்கிறது, நூலுக்கு ஆசிரியன் இருக்கிறான், அவன் அர்ச்சுனனுக்கு அண்ணன் என்ற விலாசம்கூட இருக்கிறது. ஆயிரம் கிலோ ஆமானை வெயில் ஏறுவதற்குள் பிரித்துக் கறியாக்கிய கைக்கு ஒரு வினைச்சொல்கூட அந்தப் பாட்டில் கிடையாது. அறுத்தது எயினனா எயிற்றியா என்பதற்கும் பாட்டில் விடையில்லை. மாணவிக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இவ்வளவுதான்.

இதை இவ்வளவோடு எழுதி முடித்தால் ஆயாவைப் பற்றி ஒரு பொய் சொன்னதாகிவிடும்.

ஆயா கத்தி பிடிக்கக் கற்றது ஞாயிற்றுக்கிழமைப் பங்கில் இல்லை. ஊரில் மாடு செத்தால் காலனிக்கு ஆள் வரும். தூக்கிக்கொண்டு போக வேண்டும், கூலி கிடையாது, மாடுதான் கூலி. எப்போது செத்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயிற்றைத் தட்டிப் பார்த்தும், வாயருகே மோந்து பார்த்தும், எதை எடுக்கலாம் எதைப் புதைக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். தப்பாக முடிவு செய்தால் பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. பதினோரு வயதில் அவள் அம்மாவோடு போய் உட்கார்ந்தாளாம். நான் மெச்சும் அந்த விரல் நுணுக்கம் அங்கே வந்தது. 1927இல் மகாத்தில் அம்பேத்கர், செத்த மாட்டைத் தூக்காதீர்கள், அந்த இறைச்சியைத் தின்னாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் காலனிக்கு அந்தச் சொல் வந்துசேர இன்னும் ஐம்பது வருடத்துக்குமேல் ஆயிற்று. மன்றம் வைத்த பையன்கள் இனித் தூக்குவதில்லை என்று சொன்ன அன்று ஆயாதான் முதலில் சரி என்றாளாம். வாங்கி அறுக்கும் பங்கு வேறு, இது வேறு என்பதில் அவளுக்குக் குழப்பமே இருந்ததில்லை. குழப்பம் எல்லாம் படித்த எனக்குத்தான்.

2016இல் குஜராத்தில் உனா பக்கம் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் காரில் கட்டி அடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாநிலத்துத் தலித்துகள் செத்த மாடுகளை வண்டியில் கொண்டுபோய் சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது ஆயா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் உப்பிய வயிறுகளைப் பார்த்து எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று சொல்லியிருப்பாள்.

அவள் எனக்குக் கத்தியைக் கொடுத்ததில்லை. பத்து வயதில் நான் கேட்டேன். “இந்தக் கையி பேனா புடிக்கிற கையி” என்று புறங்கையில் ஒன்று வைத்தாள். பத்தாவது படிக்கும்போது, மதியச் சாப்பாட்டில் என்ன கறி என்று கேட்ட தோழிக்கு ஆட்டுக்கறி என்றேன். அதற்கு அப்புறம் கறியே கொண்டுபோகவில்லை. ஆயாவுக்கு இது தெரியும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகும்போது என்னைக் கூப்பிடுவதை அவள் நிறுத்திக்கொண்டாள். மேலே எழுதியிருப்பதெல்லாம் கல் வைக்கிற பிள்ளையாக நின்று பார்த்தது, கொஞ்சம் அம்மா சொன்னது. ஈரலைக் கையில் ஏந்தி நல்லதா பூச்சி விழுந்ததா என்று எப்படிச் சொன்னாள் என்று அம்மாவைக் கேட்டேன். “எனக்கு இன்னாத்துக்கு அது, நான் மில்லுக்கு போனவ” என்றாள். அது போய்விட்டது. போக வேண்டும் என்றுதான் ஆயாவும் நினைத்தாள். அவள் நினைத்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். உங்கள் வீட்டில், உறவில், ஒரு விலங்கை அறுத்துக் கூறு போடத் தெரிந்த பெண் யாராவது இருந்தால் கேட்டு, முறையை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். கருவியின் பெயர், யார் எதைச் செய்வார்கள், எது யாருக்குப் போகும். பெயர் போட வேண்டாம், ஊர் போட வேண்டாம். கட்டாயமும் இல்லை, விருப்பமில்லாதவர்கள் ஆமூர் நண்டு பற்றி எழுதலாம்.

எதிர்பார்த்ததைவிட நிறைய வந்தது. குலதெய்வத்துக்கு வெட்டும் கிடாயில் தலை யாருக்கு, தொடை யாருக்கு என்று ஒரு பையன் முறை தவறாமல் எழுதியிருந்தான். கீழே, வெட்டுவது பெரியப்பா, மற்றதெல்லாம் பெரியம்மா என்று ஒரு வரி. பன்றியை வைக்கோலில் வாட்டி மயிர் வழிப்பது பற்றி ஒருத்தி. இருளர் குடும்பத்துப் பெண் ஒருத்தி, அறுவடை முடிந்த வயலில் அவள் பாட்டி கடப்பாரையால் எலி வளையைத் தோண்டி எலியையும், அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பதை நான்கு பக்கம் எழுதியிருந்தாள். எலியைத் தீயில் வாட்டியபின் வயிற்றை எந்த இடத்தில் கிள்ளுவது என்றுகூட இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை எயிற்றியர் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பையைக் கிளறி, எறும்பு சேர்த்த புல்லரிசி எடுப்பதை அடுத்த பருவத்தில் நடத்துவேன். அப்போது இவளைத்தான் முன்னால் வரச் சொல்ல வேண்டும். வருவாளா என்று தெரியாது, கேட்டுக்கொண்டுதான் செய்வேன்.

கேள்வி கேட்ட மரக்காணத்துப் பெண் வெறும் தாள் கொடுத்தாள். மேலே பெயரும் பதிவெண்ணும். வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். “எங்க ஆயாவுக்குத் தெரியும் மேடம். அம்மாதான் எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.” பிறகு, “நண்டு எழுதித் தரட்டுமா?” என்றாள்.

வேண்டாம் என்றேன். தாள் மேசையில் இருக்கிறது. உள்மதிப்பீட்டு மதிப்பெண் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவள் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.